சிறு ரவையின் எடையும் விசையும்

முன்னுரை

சென்ற கல்வியாண்டில் இளங்கலைத் தமிழ் மாணவர்க்கு மலைபடுகடாம் கற்பித்துக்கொண்டிருந்தோம். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் பெருங்கௌசிகனார், வழியின் வளங்களோடு இடர்களையும் மறைக்காமல் எடுத்துரைக்கின்றார். தினைப்புனம் காக்கும் குறவர் இதணம் என்னும் உயர்ந்த பரண்மீது ஏறி, யானைகளை விரட்டக் கவணில் கல் வைத்து எறிவர். அக்கல் மூங்கிலில் பட்டுத் தெறித்த பின்னரும் விசை தணியாமல் கூற்றுவனைப் போல வரும்; ஆதலின் மரங்களை மறைவாகக் கொண்டு கடந்து செல்லுங்கள் என்பது அப்புலவர் கூறும் அறிவுரையாகும்.

பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, மூங்கில்ல பட்ட கல்லு எப்படிய்யா வேகம் குறையாம வரும்?" என்று வினவினார். "அது புலவரின் உயர்வு நவிற்சி" என்று விடை கூறி அடுத்த அடிக்குச் சென்றுவிட்டோம். அவ்விடை தவறு என்பதைச் சில திங்களில் ஒரு பெருநாள் எமக்குக் கற்பித்தது.

கிழக்குத் தாம்பரத்தில் வாழும் எம் தங்கையின் மகன், பெரியவர்கள் தந்த பெருநாள் காசைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வாங்கினான். ஏர்சாஃப்ட் என்று வழங்கும் வகையைச் சார்ந்தது அது. 6 மில்லிமீட்டர் விட்டமுடைய உருண்டையான பிளாஸ்டிக் ரவைகளைச் சுருள்வில்லின் விசையால் எறியும். பெட்டியோடு வந்த மஞ்சள் ரவைகள் தீர்ந்தபின் வேறொரு கடையில் வெள்ளை ரவைகளை வாங்கி வந்தான். "மாமா, இது கொஞ்சம் கனமா இருக்கு. அப்போ மெதுவாத்தானே போகும்? பட்டா வலிக்காதுல்ல?" என்று எம்மிடம் கேட்டான். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மெதுவாகப் போனால் வலிக்காதுதான்" என்றோம்.

அன்று மாலை எதிர்வீட்டு மொட்டை மாடியில் நின்ற சிறுவனின் கன்னத்தில் அவ்வெள்ளை ரவை பட்டது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே பட்டதால் தழும்போடு போயிற்று. இறைவன் காத்தான். மஞ்சள் ரவைகளை அதே தொலைவில் பலமுறை வாங்கிக்கொண்டு சிரித்த சிறுவன், இம்முறை முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினான். அவ்வலறலில் எம் பங்கும் உண்டு என்பதை யாம் மறைக்க விரும்பவில்லை. எடை கூடினால் வேகம் குறையும் என்று அறிந்திருந்தோம். வேகம் குறைந்தால் தாக்குதலும் குறையும் என்று கருதியது எம் பிழை. அப்பிழையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுருள்வில் தரும் ஆற்றல்

தாம்பரத்து நகைக்கடை ஒன்றின் தராசில் அவ்விரு வகை ரவைகளையும் நூறு நூறாக எண்ணி இட்டுப் பார்த்தோம். மஞ்சள் ரவை நூறு 12 கிராம். வெள்ளை ரவை நூறு 20 கிராம். ஆகவே ஒன்று 0.12 கிராம், மற்றொன்று 0.20 கிராம் ஆகும். உருவில் இரண்டும் ஒன்றே. இவ்வளவைக் குறித்துக்கொண்டு எம் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியரை அணுகினோம். இயற்பியலார் இதனை நிறை என்பர். நாம் வழக்குப்படி எடை என்றே கூறுவோம்.

பேராசிரியர் முதலில் ஆற்றலை விளக்கினார். இயங்கும் பொருளின் ஆற்றலை அறிய, அதன் நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். நிறையைக் கிலோகிராமிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றும் கொண்டால், விடை ஜூல் என்னும் அலகில் கிடைக்கும். 0.20 கிராம் ரவை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் சரியாக 1 ஜூல்.

சுருள்வில்லை இழுத்துப் பூட்டும்போது அதனுள் ஓர் அளவு ஆற்றல் சேமிக்கப்படுகிறது. எந்த ரவையை இட்டாலும் அது வழங்குவது ஏறத்தாழ அதே அளவுதான். ஒரே கூலியை இருவேறு ஆள்களுக்குக் கொடுப்பதைப் போன்றது இது. எடை குறைந்த ரவை அவ்வாற்றலைப் பெற்று மிக வேகமாகச் செல்கிறது. எடை மிகுந்தது மெதுவாகச் செல்கிறது. துப்பாக்கி 1 ஜூல் தருவதாகக் கொண்டால், குழலின் வாயில் வேகங்கள் பின்வருமாறு அமையும்:

0.12 கிராம்: நொடிக்கு 129 மீட்டர்
0.20 கிராம்: நொடிக்கு 100 மீட்டர்
0.30 கிராம்: நொடிக்கு 82 மீட்டர்

மூன்று வேகங்களும் வேறு வேறு. ஆற்றலோ மூன்றிலும் ஒன்றே. எனவே கனமான ரவை மெதுவாகச் செல்லும் என்ற சிறுவனின் கூற்று உண்மை. அதனால் அதன் தாக்குதல் குறையும் என்ற எம் விடை, ரவை குழலை விட்டு வெளிவரும் அந்த இடத்திலேயே பொய்த்துவிடுகிறது. சுருள்வில்லுக்கு மாறாக அடைத்துவைத்த வளியின் அழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கிகளில் நிலைமை இன்னும் கடுமையாகலாம். கனமான ரவை குழலுக்குள் சற்று மிகுதியான நேரம் தங்குகிறது. அந்நேரம் முழுதும் விரியும் வளி அதனைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அது கூடுதல் ஆற்றலோடு வெளிவருதல் உண்டு.

துப்பாக்கிப் பெட்டிகளின் மேல் வேகம் மட்டும் அச்சிடப்படுவதன் குறையும் இங்கே விளங்குகிறது. நொடிக்கு 100 மீட்டர் என்று ஒரு பெட்டி கூறுமாயின், எந்த ரவைக்கு என்று நாம் கேட்க வேண்டும். 0.12 கிராம் ரவைக்கு என்றால் அத்துப்பாக்கி 0.6 ஜூல் தருவது, 0.20 கிராமுக்கு என்றால் 1 ஜூல், 0.30 கிராமுக்கு என்றால் 1.5 ஜூல். எடை கூறாத வேகம் பாதி உண்மையே ஆகும்.

காற்றின் தடை

வாயிலில் ஆற்றல் ஒன்றே எனின், எதிர்வீட்டுச் சிறுவனுக்கு மஞ்சள் ரவை வலிக்காமல் வெள்ளை ரவை மட்டும் ஏன் வலித்தது? இதற்கு விடை கூற வந்த பேராசிரியர், "நெல் தூற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா ஐயா?" என்று கேட்டார். எம் இளமை உழவர் ஊரில் கழிந்ததால் உடனே விளங்கிற்று. பதரும் நெல்லும் ஏறக்குறைய ஒரே உருவம் உடையவை. காற்று இரண்டையும் ஒரே அளவில்தான் தள்ளுகிறது. ஆயினும் பதர் பறந்து போகிறது. நெல் களத்தில் காலடியிலேயே குவிகிறது. ஒரே தள்ளுதல் எடை குறைந்ததன் இயக்கத்தை மிகுதியாகவும் எடை மிகுந்ததன் இயக்கத்தைக் குறைவாகவும் மாற்றுகிறது.

பறக்கும் ரவைக்கும் இது பொருந்தும். மூன்று ரவைகளும் ஒரே பருமன் உடையவை. ஆகவே ஒரே வேகத்தில் காற்று அவற்றை எதிர்க்கும் விசையும் ஒன்றே. மேலும், வேகம் இருமடங்கானால் அவ்வெதிர்ப்பு ஏறத்தாழ நான்மடங்காகும். எடை குறைந்த ரவைக்குத் தொடக்க வேகம் மிகுதி. எனவே எதிர்ப்பும் மிகுதி. அதனைத் தாங்கிச் செல்லும் நிறையோ குறைவு. 20 மீட்டர் கடந்தபின் அவற்றின் நிலையை, ஒழுங்கான கோளத்திற்குரிய காற்றுத்தடையைக் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

0.12 கிராம்: வேகம் 36 மீட்டர், ஆற்றல் 0.08 ஜூல்
0.20 கிராம்: வேகம் 47 மீட்டர், ஆற்றல் 0.22 ஜூல்
0.30 கிராம்: வேகம் 49 மீட்டர், ஆற்றல் 0.36 ஜூல்

தொடக்கத்தில் முந்திய ரவை இப்போது பின்தங்கிவிட்டது. மெதுவாகப் புறப்பட்டதே மிகுந்த வேகத்தோடு வந்து சேர்கிறது. எதிர்மாடிச் சிறுவனின் கன்னத்தில் வெள்ளை ரவை, மஞ்சள் ரவையைவிட இரண்டே முக்கால் மடங்கு ஆற்றலோடு பட்டிருக்க வேண்டும். அத்துப்பாக்கி தருவது 1 ஜூலுக்குக் குறைவாகவே இருப்பினும் இவ்விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை.

இதனைப் படித்துவிட்டு, எடை குறைந்த ரவை தீங்கற்றது என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. 3 மீட்டர்த் தொலைவில் 0.12 கிராம் ரவையும் தன் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கைக் கைவிடாமல் வைத்திருக்கும். பிள்ளைகள் ஒரு கூடத்திற்குள் நின்று சுட்டு விளையாடும்போது, காற்று தன் வேலையைச் செய்ய இடமே இல்லை.

கடலூரில் மறைந்த அறிஞர்

காற்றின் தடையை அளந்து காட்டிய முன்னோடி நம் சோழமண்டலக் கரையிலேயே மறைந்தவர் என்பது யாம் இவ்வாய்வில் அறிந்த செய்திகளுள் வியப்புக்குரியதாகும். பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் அவ்வாங்கிலேயக் கணித அறிஞர் 1707ஆம் ஆண்டு பிறந்தவர். பீரங்கிக் குண்டின் பாதையைக் காற்றின் தடையைப் பொருட்படுத்தாமல் கணக்கிடும் வழக்கம் நிலவிய காலத்தில், 1742ஆம் ஆண்டு அவர் பீரங்கிக் கலையின் புதிய கொள்கைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆய்லர் என்னும் பெருங்கணித மேதை 1745ஆம் ஆண்டு அதனைத் தம் விளக்கங்களோடு செருமானிய மொழியில் பெயர்த்தார். அடுத்த ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் காப்ளி பதக்கம் ராபின்சுக்கு வழங்கப்பட்டது.

நொடிப்பொழுதில் மறையும் குண்டின் வேகத்தை அவர் அளந்த முறை மிக எளியது. கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மீது சுட்டார். குண்டு கட்டையில் புதைந்ததும் கட்டை பின்னோக்கி ஆடும். ஆடிய அளவைக் கொண்டு குண்டின் உந்தத்தையும், அதிலிருந்து அதன் வேகத்தையும் கண்டார். கட்டையை வெவ்வேறு தொலைவுகளில் வைத்துச் சுட்டபோது, இடையிலுள்ள காற்று எவ்வளவு வேகத்தை உண்டுவிட்டது என்பதும் தெரிந்தது. விரைந்து செல்லும் குண்டின்மீது காற்று செலுத்தும் எதிர்விசை அக்குண்டின் எடையைவிடப் பன்மடங்கு என்பது அவர் கண்ட உண்மை. சுழன்று செல்லும் குண்டு ஒரு பக்கமாக வளைவதையும், வளைத்த குழலிலிருந்து சுட்டு அவர் மெய்ப்பித்தார். இன்றைய ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளின் குழலில் சிறு ரப்பர் ஒன்று ரவையின் மேற்புறத்தைத் தேய்த்துப் பின்சுழற்சி தந்து, அதனை நெடுந்தொலைவு தாங்கிச் செல்லவைப்பது இவ்வுண்மையின் பயனே.

1746ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்த சென்னைக் கோட்டை 1749ஆம் ஆண்டு கம்பெனியாரிடம் மீண்டது. அவ்வாண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்சைத் தன் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. கோட்டைகளைச் செப்பனிட 1750ஆம் ஆண்டு இங்கு வந்து சேர்ந்த அவர், காய்ச்சலுற்று 1751ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார்.

தாம்பரத்திலிருந்து நகரத்திற்கு மின்தொடரில் செல்வோர் நாள்தோறும் கடக்கும் பரங்கிமலை, பிற்காலத்தில் கம்பெனியின் சென்னைப் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமாக விளங்கியது. அக்காலப் பீரங்கிகளை ஆறு ராத்தல் பீரங்கி, பன்னிரண்டு ராத்தல் பீரங்கி என்று குண்டின் எடையைக் கொண்டே பெயரிட்டு அழைத்தனர். குண்டின் வேகத்தை அச்சிட்டு எடையை விட்டுவிடும் இன்றைய பொம்மைப் பெட்டியினும் அப்பெயர்கள் தெளிவானவை எனலாம்.

ராபின்சின் ஊசலை மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில், கண்காப்பு அணிந்து, தாமே அமைத்துப் பார்க்கலாம். களிமண் அப்பிய 50 கிராம் கட்டையை ஒரு மீட்டர் நூலில் தொங்கவிடுவதாகக் கொள்வோம். 1 ஜூல் ஆற்றலுடன் 0.12 கிராம் ரவை அதில் புதைந்தால் கட்டை ஏறத்தாழ 10 செ.மீ. நகரும்; 0.20 கிராம் ரவை புதைந்தால் ஏறத்தாழ 13 செ.மீ. நகரும். ஆற்றல் ஒன்றாயினும், எடை மிகுந்த ரவையின் உந்தம் மிகுதி என்பதை நூலின் ஆட்டமே காட்டிவிடும்.

கவண்கல்லும் ரவையும்

இவ்வளவும் அறிந்தபின் மலைபடுகடாத்திற்குத் திரும்பினோம். 100 கிராம் எடையுள்ள கல் கவணிலிருந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொள்வோம். பிளாஸ்டிக் ரவையோடு ஒப்பிட இது ஆமை நடை. ஆயினும் அதன் ஆற்றல் 45 ஜூல். 20 மீட்டர் சென்றபின் காற்று அதிலிருந்து கவர்வது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. அதே தொலைவில் 0.12 கிராம் ரவை தன் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் இழந்துவிடுகிறது. மூங்கிற்கழையை உராய்ந்து தெறித்தாலும் கனமான கல்லிடம் ஆளை வீழ்த்தும் விசை எஞ்சியிருக்கும். புலவர் கூறியது கண்டறிந்த உண்மை. யாம்தாம் அதனை உயர்வு நவிற்சி என்று தள்ளிவிட்டோம். இவ்வாண்டு அப்பகுதியைக் கற்பித்தபோது எம் விடையைத் திருத்திக்கொண்டோம். வினவிய மாணவரையும் அழைத்துக் கூறினோம்.

குறவர் எறிந்தது யானையை விரட்டுவதற்கு. அதற்கு அந்த எடை வேண்டும். கிளியை ஓட்டத் தட்டை, குளிர் என்னும் கருவிகளின் ஓசையே போதும் என்று சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. இலக்குக்கு ஏற்ற கருவி எது என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது. வழிப்போக்கர் எங்கே ஒதுங்க வேண்டும் என்று எச்சரிக்கும் அக்கறையும் புலவரிடம் இருந்தது.

சட்டம் கூறும் அளவு

நாடுகளின் சட்டங்கள் வேகத்தை விட்டு ஆற்றலை அளவுகோலாகக் கொண்டிருப்பதன் காரணமும் இப்போது தெளிவாகும். வேகத்திற்கு மட்டும் வரம்பு விதித்தால், கனமான ரவையை இட்டு அவ்வரம்புக்குள்ளேயே ஆற்றலை உயர்த்திவிடலாம். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் காற்றுத் துப்பாக்கிகளுக்கு 20 ஜூல் என்னும் எல்லையைக் குறிக்கின்றன. ஜப்பானில் 2006ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சட்டம், தாக்கும் பரப்பையும் கணக்கில் கொண்டு, சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல் என்று வரையறுத்தது. 6 மில்லிமீட்டர் ரவைக்கு இது ஏறத்தாழ 1 ஜூல் ஆகும்.

20 ஜூல் என்பது உரிமம் பற்றிய எல்லை. உரிமம் வேண்டாத கருவி ஊறு செய்யாத கருவி என்று பெற்றோர் கருதிவிடலாகாது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் பலூன் சுடும் துப்பாக்கியில் இடும் ரவை ஈயத்தால் ஆனது. அரை கிராம் எடையுள்ள அத்தகைய ரவை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 10 ஜூல். அவ்வெல்லையில் பாதிதான், ஆயினும் அங்கே பலூன் பலகைக்கு முன் எவரையும் நிற்க விடுவதில்லை. பொம்மைத் துப்பாக்கிக்கு மட்டும் நாம் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடுகிறோம். தோல் தாங்கும் அடியைக் கண் தாங்காது. ஆகவே கண்ணை முழுதும் மூடும் காப்புக் கண்ணாடி இன்றி இவ்விளையாட்டு கூடாது. மனிதர், விலங்கு, பறவை எதனையும் நோக்கிப் பிள்ளைகள் சுடலாகாது. ரவையை மாற்றும்போது அதன் எடையைக் கேட்டறிந்து வாங்க வேண்டும்.

முடிவுரை

சிறு கல்லை விரல்களால் சுண்டி எறிவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி தொகுப்பில் உள்ளது. அக்கல் வேட்டைக்கும் உதவாது, பகைவரையும் வீழ்த்தாது. பல்லை உடைக்கவும் கண்ணைப் போக்கவும் மட்டுமே வல்லது என்பது அங்குக் கூறப்படும் காரணம். பயன் ஒன்றும் இல்லாத இடத்தில் ஊறு மட்டும் எஞ்சுகிறது என்னும் அக்கருத்து, விளையாட்டு ரவைக்கும் அப்படியே பொருந்துவதைக் காண்கிறோம்.

கம்பநாடர் காட்டும் மந்தரையும் இங்கே நினைவுக்கு வருகிறாள். இளம்பருவத்தில் இராமன் வில்லில் வைத்து எய்த மண்ணுண்டை தன்மேல் பட்டதை அவள் மறக்கவில்லை. அவ்வுண்டையின் எடை சிறிது. எய்தவன் அதை விளையாட்டாகவே எண்ணியிருப்பான். பட்டவள் நெஞ்சில் அது எவ்வளவு ஆழம் சென்றது என்பதை அயோத்தி பின்னர் அறிந்தது.

எம் தங்கை மகன் இப்போது அத்துப்பாக்கியைக் காகிதப் பலகை ஒன்றை நோக்கி மட்டும், கண்காப்பு அணிந்து சுடுகிறான். பலகையில் ரவைகள் பதித்த குழிகளை அளந்து, எடையோடு ஒப்பிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறான். எதிர்வீட்டுச் சிறுவன்தான் அளவுகோலைப் பிடிக்கிறான். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் யாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளைகள் இத்தகைய வினாக்களோடு நம்மிடம் வரும்போது, கையிலுள்ள செய்தித்தாளைக் கீழே வைப்போம். தெரிந்தவரைக் கேட்டறிந்து விடை கூறுவோம்.